குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிய மசோதாவுக்கு என் தொகுதி உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்பதை எங்கே பார்ப்பது?

கேள்வி: இளவேனில்

மக்களவையின் ஒருநாள் அமர்வை, காலை 11 மணிக்குத் தொடங்கியதிலிருந்து மாலையில் ஒத்திவைக்கப்பட்டது வரை, சன்சத் தொலைக்காட்சியில் முழுவதுமாகப் பார்த்தேன். கேள்வி நேரத்தில் அவை ஓரளவு நிறைந்திருந்தது. உறுப்பினர்கள் துணைக்கேள்விகள் கேட்டார்கள், அமைச்சர்கள் எழுந்து பதில் சொன்னார்கள். என்ன நடக்கிறது என்பதைப் பின்தொடர முடிந்தது. மதிய இடைவேளைக்குப் பிறகு ஒரு மசோதா விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டபோது பாதிக்கும் மேற்பட்ட இருக்கைகள் காலியாக இருந்தன. விவாதம் முடிந்து அமைச்சர் பதிலுரை வழங்கியதும், மசோதாவின் பிரிவுகள் ஒவ்வொன்றாகவும் சில இடங்களில் கொத்தாகவும் வாசிக்கப்பட்டன. 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் குரல்கள் எழுந்தன. சில நிமிடங்களுக்குள் மசோதா நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது.

அந்த மசோதா என் குடும்பத்தின் தொழிலை நேரடியாகப் பாதிக்கக் கூடியது. ஆகவே எங்கள் தொகுதி உறுப்பினர் அதை ஆதரித்தாரா, எதிர்த்தாரா, அல்லது அன்று அவையில்தான் இருந்தாரா என்பதை அறிய விரும்புகிறேன். மக்களவையின் இணையதளத்தில் தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை. இந்தத் தகவல் எங்கே வெளியிடப்படுகிறது? அவ்வளவு குறைவான உறுப்பினர்களை வைத்துக்கொண்டு ஒரு சட்டத்தை நிறைவேற்ற விதிகள் இடம் தருகின்றனவா?

பதில்: பழைய நிருபர்

தங்கள் உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்ற தகவல் எங்கும் இல்லை. குரல் வாக்கெடுப்பில் யார் 'ஆம்' என்றார், யார் 'இல்லை' என்றார் என்பது எந்த ஆவணத்திலும் பதிவாவதில்லை. மக்களவை விவாதங்களின் அதிகாரபூர்வத் தொகுப்பைப் புரட்டினாலும் தீர்மானம் ஏற்கப்பட்டது என்ற ஒரு வரிதான் இருக்கும். நாடாளுமன்றச் செய்திகளை நெடுங்காலம் எழுதியவன் என்ற முறையில், நம் சட்டமியற்றும் நடைமுறையில் உள்ள மிகப் பெரிய குறை இதுதான் என்று கருதுகிறேன். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் காலி இருக்கைகளைப் பற்றி. அரசமைப்புச் சட்டத்தின் 100-வது பிரிவின்படி அவையின் மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் இருந்தால் அவை நடக்கலாம். 543 உறுப்பினர்கள் கொண்ட மக்களவைக்கு அது 55 பேர். அந்த எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று யாராவது ஓர் உறுப்பினர் எழுந்து சுட்டிக்காட்டினால் மணி ஒலிக்கும், வெளியே இருப்பவர்கள் உள்ளே வருவார்கள். யாரும் சுட்டிக்காட்டாவிட்டால் அவை தொடர்ந்து நடந்துகொண்டிருக்கும். ஒரு மசோதாவுக்கு இத்தனை மணி நேரம் என்று அலுவல் ஆய்வுக் குழு ஒதுக்குகிறது. அந்த நேரம் கட்சிகளின் பலத்துக்கேற்பப் பங்கிடப்படுகிறது. தம் கட்சியின் பேச்சாளர் பட்டியலில் இடம் பெறாதவர்கள் பிற்பகலில் அவையில் அமர்ந்திருக்கத் தனியாக ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. கேள்வி நேரம் நிறைந்திருந்ததற்கும் காரணம் உண்டு. மக்களவையில் ஒரு நாளுக்கு 20 கேள்விகள் நட்சத்திரக் குறியிட்டவையாகக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அவற்றுக்கு அமைச்சர் நேரில் பதிலளிக்க வேண்டும், துணைக்கேள்விகளையும் எதிர்கொள்ள வேண்டும். தயாரித்து வந்த பதிலுக்கு அப்பால் அமைச்சர் நின்றுகொண்டே யோசிக்க வேண்டிய ஒரே மணி நேரம் அது என்பதால் எல்லோரும் கவனிக்கிறார்கள்.

இனி வாக்கெடுப்புக்கு வருவோம். மசோதாவைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளும் தீர்மானம், அதன்பின் ஒவ்வொரு பிரிவும், ஒவ்வொரு திருத்தமும், இறுதியாக மசோதாவை நிறைவேற்றும் தீர்மானம் என ஒவ்வொன்றும் தனித்தனியாக அவையின் முடிவுக்கு விடப்படுகிறது. குறுந்தலைப்பைக் கொண்ட முதல் பிரிவும் நெடுந்தலைப்பும் கடைசியில்தான் எடுத்துக்கொள்ளப்படும். ஒவ்வொரு முறையும் சபாநாயகர் ஆதரிப்போரை 'ஆம்' என்றும் எதிர்ப்போரை 'இல்லை' என்றும் சொல்லச் சொல்கிறார். ஒலியைக் கேட்டு, 'ஆம்' என்போரே மிகுதி என்று தாம் கருதுவதாக அறிவிக்கிறார். யாரும் மறுக்காவிட்டால் அதுவே முடிவு.

அந்தக் கருத்தை ஓர் உறுப்பினர் மறுத்து, எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கோரினால் நடைமுறை முற்றிலும் மாறுகிறது. இதை டிவிஷன் என்கிறார்கள். மக்களவை நடைமுறை விதிகளில் 367-வது விதி இதைச் சொல்கிறது. முகப்பறைகளைக் காலி செய்ய சபாநாயகர் ஆணையிடுகிறார், மூன்றரை நிமிடம் மணி ஒலிக்கிறது, நூலகத்திலும் உணவகத்திலும் கட்சி அலுவலகங்களிலும் இருப்பவர்கள் விரைந்து வந்து தத்தம் இருக்கையில் அமர்கிறார்கள், கதவுகள் மூடப்படுகின்றன, கேள்வி மறுபடியும் அவை முன் வைக்கப்படுகிறது. அப்போதும் கருத்து மறுக்கப்பட்டால் வாக்குகள் கருவி மூலம் பதிவாகின்றன. பொத்தானை அழுத்தத் தவறியவர்களும் கருவி சரியாகப் பதிவு செய்யாதவர்களும் தாளில் எழுதிக் கொடுக்கிறார்கள். அதனால்தான் சபாநாயகர் முடிவை அறிவிக்கும்போது 'திருத்தத்துக்கு உட்பட்டது' என்று சேர்த்துச் சொல்கிறார். இது வெறும் சம்பிரதாயமன்று. 2024 டிசம்பர் 17 அன்று, மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்துவதற்கான அரசமைப்புத் திருத்த மசோதாவை அறிமுகப்படுத்தும்போது எதிர்க்கட்சிகள் வாக்கெடுப்பு கோரின. புதிய கட்டடத்தில் கருவி மூலம் நடந்த அந்த வாக்கெடுப்பில் திரை முதலில் காட்டியது ஆதரவாக 220, எதிராக 149. தாளில் எழுதிக் கொடுத்தவர்களைச் சேர்த்த பிறகு 269-க்கு 198 என்று முடிவு அறிவிக்கப்பட்டது. ஒவ்வொருவருடைய பெயரும் எந்தப் பக்கம் என்பதும் விவாதத் தொகுப்பில் அச்சாகும். தங்கள் கேள்விக்கான விடை அப்படிப்பட்ட நாள்களில் மட்டுமே கிடைக்கும்.

அரசமைப்புச் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றும்போது இந்த எண்ணிக்கையைத் தவிர்க்கவே முடியாது. வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரு பங்கும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும் இருந்ததை எண்ணித்தான் காட்ட வேண்டும். 2023 செப்டம்பர் 20 அன்று மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா 454-க்கு 2 என்று நிறைவேறியதை நாம் துல்லியமாகச் சொல்ல முடிவது இதனால்தான். சாதாரண மசோதாக்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நம் வரி, தொழில், நிலம், வேலை ஆகியவற்றை அன்றாடம் தொடும் சட்டங்களோ பெரும்பாலும் சாதாரண மசோதாக்கள்தாம்.

பதில்: சட்டக்கூடம்

மேலே எழுதியவர் சொன்ன நடைமுறையில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் பெயர்ப் பட்டியல் கிடைத்துவிட்டால் வாக்காளருக்குப் பெரிய தெளிவு பிறந்துவிடும் என்று நான் நம்பவில்லை. 1985-ல் அரசமைப்புச் சட்டத்தில் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டதிலிருந்து, கட்சியின் கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்கும் நிலை இருக்கிறது. ஆகவே இளவேனில் அவர்களின் தொகுதி உறுப்பினர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர் என்பது தெரிந்தாலே, அவர் எப்படி வாக்களித்திருப்பார் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். பட்டியலைப் பார்த்துப் புதிதாக அறிந்துகொள்ள அதிகம் இல்லை. கேட்கப்பட வேண்டிய கேள்வி, அந்த உறுப்பினர் தம் கட்சிக்குள் இந்த மசோதாவைப் பற்றி என்ன சொன்னார் என்பதாகும். அதை எந்த வாக்கெடுப்பும் வெளிப்படுத்தாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குரல் வாக்கெடுப்பு என்றாலே எதையோ மறைக்கும் வழி என்று எண்ணிவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை பிற்பகல்களில், அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. திருநங்கையர், திருநம்பியர் உரிமைகளுக்காக மாநிலங்களவையில் திருச்சி சிவா கொண்டுவந்த அத்தகைய மசோதா ஒன்றை, திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு அரசுத் தரப்பு கேட்டுக்கொண்ட பிறகும் அவர் விட்டுக்கொடுக்காமல் நின்றார். 2015 ஏப்ரல் 24 அன்று அவை அதை ஒருமனதாகக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. நாடாளுமன்றத்தில் ஒரு தனிநபர் மசோதா கடைசியாக நிறைவேறிச் சட்டமானது 1970-ல் என்பதை நினைத்தால் அந்த நாளின் எடை புரியும். அந்த மசோதா மக்களவையைத் தாண்டவில்லை. 2019-ல் அரசே வேறொரு சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆயினும் கருத்து வேறுபாடே இல்லாத இடத்தில் மணியடித்து எண்ணுவதால் யாருக்கும் பயனில்லை என்பதற்கு அது நல்ல சான்று. இருக்கும் நேரத்தைப் பேச்சுக்குச் செலவிடலாம்.

பதில்: இளவேனில்

இருவருக்கும் நன்றி. ஓர் உறுப்பினர் எழுந்து கோரினாலே வாக்கெடுப்பு நடக்கும் என்றால், நான் பார்த்த அன்று மசோதாவை எதிர்த்துக் கடுமையாகப் பேசிய பலரில் ஒருவர்கூட ஏன் அதைக் கோரவில்லை? எதிர்த்தவர்களுக்கே அதில் விருப்பமில்லையா?

பதில்: பழைய நிருபர்

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன், 'சட்டக்கூடம்' எழுதியதை ஒட்டிச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொறடா உத்தரவு இருப்பதால் பட்டியல் பயனற்றது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ஒரு வாக்கெடுப்பில் மூன்று வகையினர் இருக்கிறார்கள்: ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள், அங்கே இல்லாதவர்கள். முதல் இருவகையை நாம் ஊகித்துவிடலாம். மூன்றாவதை ஊகிக்க முடியாது, ஆனால் பல நேரங்களில் முடிவைத் தீர்மானிப்பது அதுவே. 100-வது பிரிவின்படி, அவையில் இருந்து வாக்களித்தவர்களின் பெரும்பான்மைதான் கணக்கு. வெளிநடப்பு செய்பவர் மேடையில் எதிர்ப்பாளராகத் தோன்றலாம். எண்ணிக்கையில் அவர் எதிராகச் சேர்வதில்லை. வெல்வதற்குத் தேவையான எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். 2019 ஜூலை 30 அன்று முத்தலாக் மசோதா மாநிலங்களவையில் 99-க்கு 84 என்று நிறைவேறியது. அவையில் பெரும்பான்மை இல்லாத அரசுக்கு அது சாத்தியமானதற்கு, அதிமுகவும் ஐக்கிய ஜனதா தளமும் வெளிநடப்பு செய்ததும் வேறு சிலர் வராமல் இருந்ததும் முக்கியக் காரணங்கள். எண்ணியதால்தான் இது நமக்குத் தெரிகிறது. வேறொரு காலத்தில், 1999 ஏப்ரல் 17 அன்று, வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது. அந்த வேறுபாட்டை எந்தச் செவியாலும் ஒலியில் பிரித்தறிய முடியாது.

சர்ச்சைக்குரிய சட்டங்கள் எண்ணப்படாமல் போன நாள்களும் நம் கண்முன்னே நடந்தவைதாம், இதில் எந்த ஒரு கட்சியின் ஆட்சியையும் தனித்துக் குறை சொல்ல முடியாது. 2014 பிப்ரவரி 18 அன்று ஆந்திரப் பிரதேசத்தைப் பிரித்துத் தெலங்கானாவை உருவாக்கும் மசோதா, அவையின் நேரடி ஒளிபரப்பு நின்றிருந்த நிலையில், கூச்சலுக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் மக்களவையைக் கடந்தது. 2023 டிசம்பர் 20 அன்று, இந்தியத் தண்டனைச் சட்டத்தையும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தையும் சாட்சியச் சட்டத்தையும் அகற்றும் மூன்று மசோதாக்களை மக்களவை குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். வாக்கெடுப்பு கோரியிருக்கக் கூடியவர்களில் பெரும்பாலோர் அன்று உள்ளேயே இல்லை.

இனி, எதிர்த்தவர்களே ஏன் கோருவதில்லை என்பது. தோற்பது உறுதி என்று தெரிந்த பிறகு எண்ணச் சொன்னால், தம் வரிசையில் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்பதும் சேர்ந்து வெளிப்படும். பேச்சில் 100 பேர் கொண்ட கட்சி பலகையில் 60 பேராகச் சுருங்குவதை எந்தக் கட்சித் தலைமையும் விரும்புவதில்லை. ஆளும் தரப்புக்கும் தன் உறுப்பினர்களை மாலைவரை பிடித்து வைக்கும் சிரமம் இருக்கிறது. இரு தரப்புக்கும் வசதியான ஓர் ஏற்பாட்டை யாரும் கலைக்க முன்வருவதில்லை; வசதி இல்லாமல் போவது வாக்காளருக்கு மட்டும்தான்.

கோரினால் உடனே கிடைத்துவிடும் என்பதும் இல்லை. வாக்கெடுப்பு தேவையின்றிக் கோரப்படுவதாகச் சபாநாயகர் கருதினால், ஆதரிப்போரையும் எதிர்ப்போரையும் இருக்கையிலேயே எழுந்து நிற்கச் சொல்லி எண்ணி முடிவை அறிவிக்க அதே 367-வது விதி இடம் தருகிறது. அப்போது எண்ணிக்கை தெரியும், பெயர்கள் பதிவாகா. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களின்போது, வாக்கெடுப்பு கோரியும் மறுக்கப்பட்டதாக எதிர்க்கட்சிகள் கூறின. கோரியவர்கள் தத்தம் இருக்கையில் இருந்து கோரவில்லை என்று அவையை நடத்தியவர் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. உறுப்பினர்கள் அவையின் மையப்பகுதியில் திரண்டு முழங்கும்போது, தம் கையில் இருக்கும் மிக வலுவான உரிமையைத் தாமே பலவீனப்படுத்திக்கொள்கிறார்கள் என்பதை அந்த நாள் காட்டியது. அமளியின் நடுவே எண்ண மறுத்ததையும் என்னால் நியாயப்படுத்த முடியாது. அமளி இருக்கும்போதுதான் செவியை நம்பக் கூடாது.

பதில்: குழு அறை

வாக்கெடுப்பைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகு, ஒரு மசோதாவின் வாசகம் உண்மையில் மாறக்கூடிய இடத்தையும் சொல்லியாக வேண்டும். அவையில் பிரிவு பிரிவாக எடுக்கும்போது உறுப்பினர்கள் கொண்டுவரும் திருத்தங்கள் ஏறக்குறைய எல்லாமே தோற்றுவிடுகின்றன. மாற்றம் நடப்பது துறைசார் நிலைக்குழுக்களிலும் கூட்டுக்குழுக்களிலும்தான். 1993-ல் 17 துறைசார் குழுக்களாகத் தொடங்கி, 2004-ல் 24 ஆக உயர்ந்த இந்த ஏற்பாட்டில், ஒவ்வொரு குழுவிலும் மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் இருக்கிறார்கள். ஒளிபரப்பு இல்லாததால் ஒருவரையொருவர் உண்மையாகவே கேட்டுக்கொள்கிறார்கள். துறைச் செயலாளர்களை அழைத்து விசாரிக்கிறார்கள். பாதிக்கப்படும் தொழில் அமைப்புகளிடமும் பொதுமக்களிடமும் எழுத்துப்பூர்வமாகக் கருத்துக் கேட்கிறார்கள். இளவேனில் அவர்களின் குடும்பம் போன்றவர்களின் குரல் மசோதாவுக்குள் நுழையக் கூடிய வாசல் அதுதான்.

அந்த வாசலும் குறுகிக்கொண்டு வந்திருக்கிறது. 15-வது மக்களவையின் காலத்தில் மசோதாக்களில் 71 விழுக்காடு குழுக்களின் ஆய்வுக்குச் சென்றன. 17-வது மக்களவையில் அது 16 விழுக்காடு. அமர்வுகளும் குறைந்துவிட்டன: முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரியாக 135 நாள் கூடியது, 17-வது மக்களவை ஐந்தாண்டு முழுவதற்குமாக 274 நாள்தான் கூடியது. ஒரே பிற்பகலில் ஒரு மசோதா முடிந்துவிடுவதை இந்த இரண்டு எண்களோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குழு அறிக்கைகளில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. பெரும்பான்மை முடிவை ஏற்காத உறுப்பினர் தம் மறுப்புக் குறிப்பை எழுதிக் கொடுக்கலாம். அது அவருடைய பெயரோடு அறிக்கையின் இணைப்பாக வெளிவருகிறது. தங்கள் தொகுதி உறுப்பினர் தொடர்புடைய குழுவில் இருந்தால் முதலில் அங்கே தேடிப் பாருங்கள். குரல் வாக்கெடுப்பில் கிடைக்காத பதில், காரணங்களோடு அங்கே கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

பதில்: பழைய நிருபர்

'குழு அறை' சொன்னது மிகவும் பயனுள்ளது. அதோடு, நடைமுறையில் தாங்கள் செய்யக் கூடியதைச் சொல்கிறேன். அன்றைய விவாதத்தின் எழுத்து வடிவம் மக்களவை இணையதளத்தில் கிடைக்கும். தங்கள் உறுப்பினர் பேசினாரா, திருத்தம் கொடுத்தாரா என்பது அதில் பெயரோடு இருக்கும். அந்த மசோதா தொடர்பாக அவர் கேள்வி கேட்டிருந்தால், நட்சத்திரக் குறி இல்லாத, எழுத்தில் பதில் பெறும் கேள்வியாக இருந்தாலும் அதுவும் அங்கே உண்டு. இவை எதிலும் அவர் பெயர் இல்லையென்றால், அதைக் குறிப்பிட்டு அவருக்கே கடிதம் எழுதி, அன்று எங்கே இருந்தார், என்ன நிலைப்பாடு எடுத்தார் என்று கேளுங்கள். தொகுதி வாக்காளர் ஒருவர் தேதியும் மசோதாவின் பெயரும் குறிப்பிட்டு எழுதும் கடிதத்துக்குப் பதில் கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. மக்களவையில் நிறைவேறிய மசோதா மாநிலங்களவைக்கும் சென்றாக வேண்டும். அது அங்கே எந்த நாளில் எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பது அலுவல் பட்டியலில் முன்கூட்டியே வெளியாகும். நம் மாநிலத்திலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கு அதற்கு முன்பே எழுதி, மசோதாவை ஆதரித்தாலும் எதிர்த்தாலும், இறுதித் தீர்மானத்தின்போது தம் இருக்கையில் இருந்தபடி பெயர்களோடு வாக்கெடுப்பு கோருமாறு கேட்டுக்கொள்ளுங்கள். கிடைப்பது உறுதியில்லை என்றாலும், அந்தக் கோரிக்கையை எழுப்ப ஓர் உறுப்பினர் போதும்.